ஆங்கில வெர்ப் ஒன்றுக்கு 72 வரி மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 'வாக்' மாதிரி ஒழுங்கான ஒரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்து, 12 டென்ஸிலும் ஆள் மாற்றி மாற்றி எழுதிய அட்டவணை ஒன்று உங்களிடம் இருக்கிறது. டென்ஸுக்கு 6 வரி வீதம் மொத்தம் 72 வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். ஆனால் நாலு பேர் முன்னால் பேசும்போது எந்த வரியை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகம். ஆங்கிலத்தில் காலமே இரண்டுதான் என்று எங்கோ படித்தது உண்மையா? 'ஐ சஜெஸ்ட் தட் ஹி வாக்' என்ற வாக்கியத்தில் 'ஹி'க்குப் பிறகு எஸ் ஏன் வரவில்லை? அட்டவணையை இன்னும் உறுதியாக மனதில் பதிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களுக்குக் குறை மனப்பாடத்தில் இல்லை என்றே படுகிறது. அந்த 72 வரியில் எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்பதை யாரும் உங்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கீழே சொல்வதெல்லாம் எழுத்திலும் பொது இடத்துப் பேச்சிலும் ஏற்கப்பட்ட ஆங்கிலத்துக்குத்தான் பொருந்தும். வட்டார வழக்குகளில் 'ஹி வாக்' என்பவர்களும் 'ஐ வாக்ஸ்' என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அது வேறு பாடம்.

முதலில் உறுதியான விஷயம். ஒழுங்கான ஆங்கில வினைச்சொல்லுக்கு மொத்தம் நான்கே உருவம்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். அவ்வளவுதான். நம் 'நட'வை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தகாலத்தில் மட்டும் நடந்தேன், நடந்தோம், நடந்தாய், நடந்தீர்கள், நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தார்கள், நடந்தது, நடந்தன என்று பத்து வந்துவிடுகிறது. அந்தப் பத்துக்கும் ஆங்கிலத்தில் 'வாக்ட்' என்ற ஒன்றே ஒன்று. ஆளைப் பொறுத்து மாறுவது ஒரே ஓர் இடத்தில்தான்: நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் எஸ். பழைய ஆங்கிலத்தில் இப்படி இல்லை, ஆளுக்கொரு விகுதி இருந்தது. 1611இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பைப் புரட்டினால் 'தவ் வாக்கெஸ்ட்', 'ஹி வாக்கெத்' என்ற மாதிரி உருவங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக உதிர்ந்து, வடக்கு இங்கிலாந்து வழக்கிலிருந்து வந்த எஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது. உங்கள் அட்டவணையில் 'ஐ வாக்ட், யூ வாக்ட், ஹி வாக்ட்' என்று ஆறு வரி எழுதியிருப்பது லத்தீன் பாடம் நடத்திய பழக்கத்தின் மிச்சம். லத்தீனில் ஆறும் ஆறு உருவம், எழுதுவதில் அர்த்தம் உண்டு. ஆங்கிலத்தில் அது காகிதச் செலவு.

நான்கு உருவம் என்றேன், ஆனால் அதில் ஒன்றை நம்மில் பெரும்பாலோர் தப்பாக உச்சரிக்கிறோம். ஈடி விகுதிக்கு எழுத்து ஒன்று, ஓசை மூன்று. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'வாக்', 'ஹெல்ப்', 'வாஷ்', 'லாஃப்' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் தொண்டை அதிராது. அதனால் அதைத் தொடரும் ஈடியும் அதிராது: 'பாட்டு' என்பதில் வருகிற வல்லின ட போல ஒலிக்கும். 'ப்ளே', 'கால்', 'க்ளீன்' சொல்லும்போது கடைசிவரை தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஈடியும் 'பாடு' என்பதில் வருகிற ட போல அதிரும். சொல்லே டி, ட ஓசையில் முடிந்தால் (வான்ட், நீட், பெயின்ட்) இன்னொரு ட-வை மேலே ஏற்ற முடியாது, இடையில் ஒரு சின்ன 'இ' நுழைகிறது: வான்டிட், நீடிட், பெயின்டிட். இந்த ஒரு வகைக்குத்தான் ஓர் அசை கூடுகிறது. 'வாக்கெட்', 'வாஷெட்' என்று இரண்டு அசையாகச் சொல்வது தவறு. இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு, கடைசியில் குற்றியலுகரம் ஒட்டி 'வாக்டு' என்போம். அதை விடுவதற்கு எளிய வழி, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் சேர்த்துச் சொல்வது: 'வாக்டின்', 'வாக்டவுட்'. உயிர் வந்தால் குற்றியலுகரம் ஓடிப்போகும் என்பது நமக்குத் தெரிந்த விதிதானே.

ஒரே காலத்துக்குப் பல ஓசை என்பதும் நமக்குப் புதிதில்லை. இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று நன்னூல் சொல்கிறது: செய்தான், உண்டான், சென்றான், வாங்கினான். எந்த வினைக்கு எது என்று தமிழில் வினையோடு சேர்த்துத்தான் பழக வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி ஓசையைக் கேட்டாலே போதும், ஈடி எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துவிடும். எஸ்-சுக்கும் இதே மூன்று வழி உண்டு: வாக்ஸ் என்பதில் அதிராத ஸ், ப்ளேஸ் என்பதில் அதிர்கிற ஸ், வாஷஸ் என்பதில் தனி அசை. ஒரு விதிவிலக்கு வகை இருக்கிறது. 'நேக்கிட்', 'விக்கிட்' போன்ற பெயரடைகளில் பழைய உச்சரிப்பு தங்கிவிட்டது. கற்றறிந்தவர் என்ற பொருளில் வரும்போது 'லேர்னிட்', கற்றான் என்ற பொருளில் 'லேர்ன்ட்'.

எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஸ்டாப்' மாதிரி குறில் ஓசையும் ஒற்றை மெய்யும் கொண்ட ஓரசைச் சொல்லில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ஈரசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்கும் ('அட்மிட்'), முதல் அசையில் விழுந்தால் இரட்டிக்காது ('விசிட்'). 'ட்ராவல்' போன்ற எல் சொற்களில் பிரிட்டிஷார் இரட்டிப்பார்கள், அமெரிக்கர்கள் மாட்டார்கள். மெய்க்குப் பின் வரும் ஒய் ஐ ஆகும் ('ட்ரை'), உயிருக்குப் பின் வரும் ஒய் அப்படியே நிற்கும் ('ப்ளே'). 'பேனிக்', 'மிமிக்' ஆகியவற்றில் ஈடிக்கு முன் ஒரு கே நுழையும். இவை எழுத்துக்கான விதிகள். பேசும்போது இவற்றை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. நான்கு உருவத்தை வைத்துக்கொண்டு 72 வரி எப்படி வந்தது? துணைவினைகளால். அவை இஷ்டத்துக்கு வருவதில்லை, ரயில் பெட்டி மாதிரி மாறாத வரிசையில்தான் வரும். வகுப்பில் நான் செய்வது இது: ஐந்து துண்டுச் சீட்டு வெட்டி மேசையில் வரிசையாகப் போடுவேன். முதல் சீட்டில் வில், வுட், கேன், மே, மஸ்ட் வகையறா. இரண்டாவதில் ஹேவ். மூன்றாவதில் பீ. நான்காவதில் இன்னொரு பீ, இது செயப்பாட்டுக்கானது. ஐந்தாவதில் நம் வினைச்சொல். ஐந்தாவது சீட்டு எப்போதும் இருக்கும். மற்ற நான்கும் தேவைப்பட்டால் இருக்கும், தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம். ஆனால் இடம் மாறாது. அப்புறம் ஒரே ஒரு விதி: ஒவ்வொரு சீட்டும் தனக்கு அடுத்து நிற்கும் சீட்டின் உருவத்தைத் தீர்மானிக்கும். வில் வகையறாவுக்குப் பின்னால் வருவது வெறும் வேர்ச்சொல். ஹேவ்-வுக்குப் பின்னால் வருவது பாஸ்ட் பார்ட்டிசிபிள். மூன்றாம் சீட்டின் பீ-க்குப் பின்னால் வருவது ஐஎன்ஜி. நான்காம் சீட்டின் பீ-க்குப் பின்னால் மறுபடியும் பாஸ்ட் பார்ட்டிசிபிள். ஒழுங்கான வினைக்குப் பாஸ்ட் பார்ட்டிசிபிளும் ஈடிதான் என்பதால் அதற்கென்று புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. 1957இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இந்த வரிசையை ஒரே வரிச் சூத்திரமாக எழுதிக் காட்டினார். ஒவ்வொரு துணைவினையும் தன் விகுதியை அடுத்த சொல்லின் தலையில் தூக்கிப்போடுகிறது என்பதுதான் அதன் சாரம்.

'ஷி வில் ஹேவ் பீன் வாக்கிங்' என்பதைப் பிரியுங்கள். வில் வந்ததால் ஹேவ் வெறும் ஹேவ்-ஆக நிற்கிறது, 'ஷி' இருந்தும் ஹேஸ் ஆகவில்லை. ஹேவ் வந்ததால் பீ, பீன் ஆனது. பீ வந்ததால் வாக், வாக்கிங் ஆனது. இப்போது வில் சீட்டை எடுத்துவிடுங்கள். ஹேவ் முதலிடத்துக்கு வந்துவிட்டது, அதனால் 'ஷி'க்கு ஏற்ப மாறுகிறது: 'ஷி ஹேஸ் பீன் வாக்கிங்'. ஹேவ்-வையும் எடுங்கள்: 'ஷி இஸ் வாக்கிங்'. பீ-யையும் எடுங்கள்: 'ஷி வாக்ஸ்'. காலமும் ஆளும் முதல் சீட்டில்தான் ஏறும், வேறெங்கும் ஏறாது. கேள்வி கேட்க வேண்டுமா, அந்த முதல் சீட்டை எழுவாய்க்கு முன்னால் தள்ளுங்கள். 'நாட்' போட வேண்டுமா, முதல் சீட்டுக்குப் பின்னால் செருகுங்கள். செயப்பாட்டுக்கும் இதே கதைதான்: 'தி வால் ஹேஸ் பீன் பெயின்டெட்' என்பதில் இரண்டாம், நான்காம், ஐந்தாம் சீட்டுகள் இருக்கின்றன.

கணக்குப் போட்டால் 12 எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஹேவ் உண்டா இல்லையா, ஐஎன்ஜிக்கான பீ உண்டா இல்லையா என்று பார்த்தால் நான்கு வகை: சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். முதல் சீட்டு நிகழ்காலமா, இறந்தகாலமா, வில்லா என்று மூன்று. மூன்று நான்கு பன்னிரண்டு. வுட்-டையும் சேர்த்தால் 16. செயப்பாட்டையும் சேர்த்தால் 32. 'வில் ஹேவ் பீன் பீயிங் பெயின்டெட்' என்பதும் இதற்குள் அடங்கும். விதிப்படி சரியான உருவம்; நிஜ வாழ்க்கையில் யாரும் இதை வாயில் போட்டுக்கொள்வதில்லை.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தமிழும் காலத்தை இப்படிச் சங்கிலியாகத்தான் கோக்கிறது. 'நடந்துகொண்டிருந்திருப்பேன்' என்ற சொல்லைப் பின்னாலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள். ஏன் என்ற விகுதி 'ஐ'. அதற்கு முன் உள்ள ப்ப் 'வுட்'. இரு என்பது 'ஹேவ்'. இருந்து என்பது 'பீன்'. கொண்டு என்பது ஐஎன்ஜி. கடைசியில் மிஞ்சுகிற நட 'வாக்'. 'ஐ வுட் ஹேவ் பீன் வாக்கிங்'! கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக வந்து நிற்கிறது. தமிழ் ஆளையும் காலத்தையும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வைக்கிறது, ஆங்கிலம் முதல் கண்ணியில் வைக்கிறது. இதை ஒருமுறை பலகையில் எழுதிக் காட்டியபோது, மூன்று மாதமாகப் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் "இது நம்ம சமாச்சாரம்தானா சார்" என்றார். அன்றைக்கு மேற்கொண்டு நான் எதுவும் நடத்தவில்லை.

சங்கிலியில் துணைவினையே இல்லாத இடம் ஒன்று உண்டு: 'ஐ வாக்', 'ஐ வாக்ட்'. இங்கே முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் ஒன்றே. கேள்விக்கு எதைத் தள்ளுவது, 'நாட்'டை எதன் பின்னால் வைப்பது? அதற்காகத்தான் ஆங்கிலம் 'டூ' என்ற ஆளை வாடகைக்குப் பிடித்து வருகிறது. அது வந்தவுடன் காலத்தையும் எஸ்-சையும் அதுவே சுமந்துகொள்ளும், வினைச்சொல் வேர்ச்சொல்லாகிவிடும்: 'டஸ் ஷி வாக்', 'ஐ டிட் நாட் வாக்'. என்னிடம் படித்த ஒருவர் 72 வரியையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்த கையோடு என்னைப் பார்த்து 'டிட் யூ வாக்ட்?' என்று கேட்பார். அவர் அட்டவணையில் தப்பில்லை. காலம் ஒரு வாக்கியத்தில் ஒரு தடவைதான் ஏறும் என்பது அந்த அட்டவணையைப் பார்த்தால் தெரியாது. தமிழில் எதிர்மறை எப்படி வருகிறது என்று அவரைச் சொல்லச் சொன்னேன். 'நடக்கவில்லை.' 'நடந்தவில்லை' என்று யாராவது சொல்வார்களா? காலத்தையும் ஆளையும் கழற்றி வைத்துவிட்டு 'நடக்க' என்று மொட்டையாக நிற்கிறதே, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. அழுத்திச் சொல்லும் 'ஐ டிட் வாக்' என்பதற்கு நம்மிடம் அச்சு அசலான இணையே இருக்கிறது: 'நடக்கத்தான் செய்தேன்'.

ஆனால் தமிழை முழுசாக நம்பியும் விடக் கூடாது. இரண்டு இடத்தில் காலை வாரிவிடும். 'நேற்று வந்திருக்கிறான்' என்பது தமிழில் சரியான வாக்கியம். அதை அப்படியே 'ஹி ஹேஸ் அரைவ்ட் யெஸ்டர்டே' என்று கொண்டுபோனால் ஆங்கிலத்தில் தவறு. முடிந்துபோன ஒரு நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் ஹேவ் சீட்டுக்கு அங்கே இடமில்லை, வெறும் ஈடிதான்: 'ஹி அரைவ்ட் யெஸ்டர்டே'. இரண்டாவது, வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்காலத்தைப் பயன்படுத்துவோம்: 'தினமும் காலையில் நடப்பேன்'. அதனால் வாயில் 'ஐ வில் வாக் எவ்ரி மார்னிங்' என்று வந்துவிடுகிறது. கேட்பவர் இனிமேல் நடக்கப்போவதாகச் சபதம் எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். வழக்கத்துக்கு வெறும் 'ஐ வாக்'. அதேசமயம் 'சின்ன வயதில் தினமும் நடப்பேன்' என்பதற்கு ஆங்கிலமும் வில்லின் இறந்தகால உருவத்தைத் தருகிறது: 'ஐ வுட் வாக்'.

மூன்றாவது ஒரு தவறு உண்டு, அதற்குப் பழி தமிழின் மேல் விழக்கூடாது. 'ஐ ஆம் வான்டிங்', 'ஐ ஆம் பிலீவிங்'. தமிழில் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'தெரி' போன்ற வினைகள் 'கொண்டிரு'வோடு சேராது என்பது நம் காதுக்கே தெரியும். இந்தத் தவறைச் செய்யவைப்பது அட்டவணை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் காட்டுவதால் எல்லாமே ஒரே அளவு புழக்கத்தில் இருப்பதாக ஒரு மாயையைத் தருகிறது. தினசரிப் பேச்சின் பெரும்பகுதி சிம்பிள் நிகழ்காலத்திலும் சிம்பிள் இறந்தகாலத்திலும்தான் ஓடுகிறது.

சரி, காலம் இரண்டா பன்னிரண்டா? இங்கே எது உறுதி, எது வாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். வினைச்சொல்லின் உடம்பிலேயே மாற்றம் காட்டும் காலம் ஆங்கிலத்தில் இரண்டுதான், வாக் மற்றும் வாக்ட். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது. வில் என்பதை எதிர்கால டென்ஸ் என்று அழைக்கலாமா என்பதில்தான் இலக்கணக்காரர்கள் இரு கட்சி. அழைக்கக் கூடாது என்பவர்கள், வில்லும் கேன், மே, மஸ்ட் ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது, ஊகத்துக்கும் வருகிறது என்பார்கள். கதவு தட்டப்படும்போது 'தட் வில் பி ஹிம்' என்றால் அது நாளைய சங்கதி இல்லை, 'அவனாகத்தான் இருக்கும்' என்று இந்த நிமிடத்தைப் பற்றிய ஊகம். நம் 'இருக்கும்' கூட எதிர்கால உருவம்தான் என்பதைக் கவனியுங்கள். எதிர்காலத்தைச் சொல்ல ஒரு வசதி வேண்டுமே, பெயர் எதுவாக இருந்தால் என்ன என்பது மறுகட்சி. பெர்ஃபெக்ட் என்பது காலமா, செயலைப் பார்க்கும் கோணமா என்பதிலும் இதே மாதிரி இழுபறி உண்டு. நான் 'இரண்டு காலம், நான்கு கோணம்' என்ற பக்கம் சாய்கிறவன், ஏனென்றால் சீட்டு வரிசையோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் தேர்வில் கேட்டால் 12 என்று எழுதிவிட்டு வாருங்கள். அங்கே போய் வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை.

இனி உங்கள் 'ஹி வாக்'. அது அச்சுப்பிழை இல்லை. ஆங்கிலத்தில் இன்டிகேட்டிவ், இம்பரேட்டிவ், சப்ஜங்க்டிவ் என்று மூன்று மூட் (சொல்பவரின் நோக்கத்தைக் காட்டும் வினைநிலை) சொல்வார்கள். முதலாவது சாதாரணமாக நடப்பதைச் சொல்வது, இதுவரை பார்த்ததெல்லாம் அது. இரண்டாவது ஏவல்: 'வாக்!', 'டோன்ட் வாக்'. வெறும் வேர்ச்சொல், நம் 'நட' போலவே. மூன்றாவதற்கு நம் வியங்கோள் கிட்டத்தட்ட உறவு. 'லாங் லிவ்', 'காட் பிளெஸ் யூ' என்பவற்றை வாழ்க, ஆசீர்வதிப்பாராக என்றுதானே மொழிபெயர்ப்போம். 'காட்' படர்க்கை ஒருமைதான், ஆனாலும் பிளெஸ்-ஸில் எஸ் விகுதி ஏறவில்லை, கவனித்தீர்களா? நடக்கிறது என்று சொல்லவில்லை, நடக்கட்டும் என்கிறோம். அந்த 'நடக்கட்டும்'தான் சஜெஸ்ட், டிமாண்ட், ரெகமெண்ட், இன்சிஸ்ட் போன்ற சொற்களுக்குப் பின்னால் வரும் 'தட்' தொடரிலும் இருக்கிறது. 'ஐ சஜெஸ்ட் தட் ஹி வாக்' என்றால் அவன் நடக்கட்டும் என்பது என் யோசனை. எதிர்மறையில் டூ-வும் வராது: 'தட் ஹி நாட் வாக்'.

இந்த எஸ் இருப்பதும் இல்லாததும் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்சிஸ்ட் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஹி இன்சிஸ்ட்ஸ் தட் ஷி வாக்ஸ் டு வொர்க்' என்றால், அவள் வேலைக்கு நடந்துதான் போகிறாள் என்று அவன் அடித்துச் சொல்கிறான். 'ஹி இன்சிஸ்ட்ஸ் தட் ஷி வாக் டு வொர்க்' என்றால், அவள் நடந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஒரே ஓர் எழுத்தில் தகவல் கட்டளையாகிவிடுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வெறும் உருவம் நன்றாகப் புழங்குகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஷுட்' போட்டு 'தட் ஹி ஷுட் வாக்' என்பதும் மிகச் சாதாரணம். பேசும்போது தயக்கமாக இருந்தால் ஷுட் போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள், இரண்டு கரையிலும் சரிதான்.

ஆக, ஒழுங்கான வினைக்குச் சப்ஜங்க்டிவ் என்று புதிய உருவம் எதுவும் கிடையாது, அதே வேர்ச்சொல்தான். அதனாலேயே சில இலக்கண நூல்கள் இதை வினையின் மூட் என்று சொல்லாமல் ஒரு வகைத் தொடரமைப்பு என்று வைத்துக்கொள்கின்றன. பெயரில் சண்டை, உருவத்தில் இல்லை.

நடக்காததைக் கற்பனை செய்யும் 'இஃப் ஐ வாக்ட்' இன்னொரு விஷயம். இறந்தகால உருவம், ஆனால் இறந்தகாலப் பொருள் இல்லை. பலருக்கு இது பெரிய புதிராக இருக்கிறது. ஏன் என்றே எனக்குப் புரிவதில்லை, ஏனென்றால் நாம் 'நாளைக்கு நடந்தால்' என்கிறோம். 'நடந்தால்' என்பதற்குள் 'நடந்தேன்' என்பதில் இருக்கும் அதே இறந்தகால இடைநிலை உட்கார்ந்திருக்கிறது. நாளைய சங்கதிதான், இருந்தும் யாருக்கும் உறுத்துவதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் 'நடந்தால்' நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் பொது. ஆங்கிலம் நடக்கக்கூடியதற்கு 'இஃப் ஐ வாக்' என்றும், வெறும் கற்பனைக்கு 'இஃப் ஐ வாக்ட்' என்றும் பிரிக்கிறது. கைநழுவிப்போனதற்கு 'இஃப் ஐ ஹேட் வாக்ட், ஐ வுட் ஹேவ்' என்று நீளும், நம் 'நடந்திருந்தால்… இருப்பேன்' போலவே. நிபந்தனைப் பகுதியில் வில், வுட் போடாதீர்கள், அவை முடிவுப் பகுதிக்கு உரியவை. 'இஃப் ஐ வேர்' என்பது பீ என்ற ஒரே வினையின் தனிச் சலுகை. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்பது பரவலாகக் கேட்கும், அதைத் தவறென்று நான் திருத்துவதில்லை. முறையான எழுத்தில் 'வேர்' எழுதச் சொல்வேன்.

ஒழுங்கான வினைகளைப் பிடித்துத் தொடங்கியது நல்ல முடிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழிக்குள் புதிதாக வரும் வினைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கூட்டத்தில்தான் சேரும், 'கூகுள்ட்', 'டெக்ஸ்டெட்' என்று. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளிடம் இல்லாத சொற்களைக் கொடுத்துச் சோதித்தார். ஒருவருக்கு 'ரிக்' பண்ணத் தெரியும், நேற்றும் அதையே செய்தார், என்ன செய்தார்? பிள்ளைகள் 'ரிக்ட்' என்றார்கள், கேள்விப்பட்டே இராத சொல்லுக்கு. தடுமாறியது 'மாட்' மாதிரி ட-வில் முடிந்த சொற்களில்தான், அந்தக் கூடுதல் அசை தாய்மொழிக்காரப் பிள்ளைகளுக்கே சிரமம். பழைய ஒழுங்கற்ற வினைகளும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளைத் தொடர்ந்து பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படி இருக்கின்றன என்று கணக்கிட்டது. 'ஹெல்ப்' கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று திரிந்த வினைதான். அந்த ஈடி எங்கிருந்து வந்தது என்றால், 'செய்' என்று பொருள்படும் பழைய டூ-வின் இறந்தகாலம் ஒட்டிக்கொண்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை.

இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டிருக்கும் சில வினைகள் உங்களைக் குழப்பும்: லேர்ன்ட், பேர்ன்ட், ட்ரீம்ட், ஸ்பெல்ட். ஈடி (ed) போட்டும் எழுதலாம், கடைசியில் வெறும் டி (t) போட்டும் எழுதலாம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஈடி, பிரிட்டிஷார் இரண்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரே கட்டுரைக்குள் மாற்றாமல் எழுதினால் போதும்.

பயிற்சி என்று கேட்டால், அட்டவணையை மூடி வைத்துவிட்டு ஐந்து சீட்டை வெட்டுங்கள். தினமும் ஒரு வினை. 'ஷி வாக்ஸ்' என்று தொடங்கி, ஒரு சீட்டைச் செருகி வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அதையே கேள்வியாக்குங்கள், 'நாட்' போடுங்கள், சீட்டை உருவுங்கள், இன்னொன்றைச் செருகுங்கள். பத்து நிமிடம் போதும். முதல் வாரம் வில் சீட்டைச் செருகியபிறகும் 'ஷி வில் வாக்ஸ்' என்று எஸ் வாயில் ஒட்டிக்கொண்டு வரும். வரட்டும். இரண்டாவது வாரத்தில் அது உங்கள் காதுக்கே உறுத்த ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் எந்தச் சீட்டில் சிக்குகிறது என்று எழுதுங்கள், அந்த இடத்தை மட்டும் பார்க்கலாம்.